பத்தர் அடித்த பவுன்

அப்பாயியின் காசு மாலையில் இருபத்தோரு பவுன் காசு. போன மாதம் அதில் ஒன்றின் காது விண்டு, காசு தனியே கையில் விழுந்தது. காது என்றால் பவுனின் தலைமாட்டில் பொடி வைத்து ஊதிய சின்ன வளையம். அதற்குள்தான் சரடு ஓடும். இத்தனை வருடம் கழுத்திலும் பிஸ்கட் டின்னிலும் அடகுக்கடைப் பெட்டியிலும் மாறி மாறிக் கிடந்த மாலையில் ஒரு பற்று விட்டுப்போவது பெரிய சேதம் இல்லை. கூலிம் நகரில் ஒரு பழைய பத்தரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் கோத்திருக்கும்வரை காசை யாரும் காசாகப் பார்ப்பதில்லை, மாலையாகத்தான் பார்க்கிறோம். உள்ளங்கையில் தனியாகக் கிடந்தபோதுதான் முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். ராஜா தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் காசில் இருந்தவர் அதே ஐந்தாம் ஜார்ஜ், அதே தாடி. ஆனால் அவர் இடது பக்கம் பார்க்கிறார். விழுந்த காசின் ஜார்ஜ் வலது பக்கம் பார்க்கிறார். ஒவ்வொரு மன்னரும் முந்தைய மன்னருக்கு எதிர்ப்பக்கம் பார்ப்பது ஆங்கிலேய நாணயங்களின் பழைய வழக்கம். ஏழாம் எட்வர்ட் வலம், அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜ் இடம். லண்டனில் அடித்த காசு இதில் தவறவே தவறாது. தவறியிருக்கிறது என்றால் இது லண்டன் காசு இல்லை. பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அன்று மாலை வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரர்கள் சவரன் என்பார்கள், நாங்கள் பவுன் என்கிறோம், மலாய்க்காரர்களும் எங்களோடு சேர்ந்து பாவுன் என்கிறார்கள். சவரன் காசின் பெயர், பவுன் அதன் மதிப்பின் பெயர். 22.05 மில்லிமீட்டர் குறுக்களவு, 7.988 கிராம் எடை, 22 காரட். இந்த அளவுகள் எதுவுமே காசின்மேல் எழுதியிருக்காது. எடை இல்லை, காரட் இல்லை, ஒரு பவுன் என்றுகூட இல்லை. ஒரு பக்கம் மன்னர் தலை, சுற்றிலும் லத்தீனில் அவர் பட்டங்கள். மறுபக்கம் ஒரு குதிரைவீரன் நாகத்தைக் குத்துகிறான், கீழே வருடம். அவ்வளவுதான். என் விலை என்ன என்று நீ கேட்கவே கூடாது என்கிற மிதப்பு அந்தக் காசுக்கு.

குதிரைவீரன் புனித ஜார்ஜ். செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர், ஆண்டு 1817. லண்டன் விடுதி ஒன்றில் வேலை பார்த்த இத்தாலியப் பணியாள் ஒருவனைத்தான் அவர் நிறுத்திவைத்து உருவம் எடுத்தார் என்று சொல்வார்கள். அப்படியானால் தட்டு ஏந்திய கை இருநூறு வருடமாக ஆயுதம் ஏந்தி நிற்கிறது. முதல் காசுகளில் அவன் கையில் ஒடிந்த ஈட்டி. 1821இல் அதை மாற்றிக் குட்டை வாள் கொடுத்தார்கள். தலையில் கவசம், முதுகில் பறக்கும் மேலாடை, மற்றபடி உடம்பில் துணி கிடையாது. குதிரையின் வாலை மட்டும் வைத்து விக்டோரியா காலத்துக் காசுகளை நீள வால், குட்டை வால் என்று சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள். தரைக்கோட்டின் வலது ஓரத்தில், கடுகை நாலாக அரிந்தால் ஒரு துண்டு இருக்குமே, அந்த அளவில் பிஸ்ட்ரூச்சியின் இரண்டு முதலெழுத்துகள். தரைக்கோட்டின் நடுவில் சில காசுகளில் இன்னும் ஒரு எழுத்து இருக்கும்: சிட்னிக்கு எஸ், மெல்பர்னுக்கு எம், பெர்த்துக்கு பி. பம்பாய்க்கு ஐ. பம்பாயில் பவுன் அடித்தது ஒரே ஆண்டுதான், 1918. ஏறத்தாழ 13 லட்சம் காசு. அப்பாயியின் மாலையில் ஐ போட்டது ஒன்று இருக்கிறது. குதிரையின் குளம்புகளுக்குக் கீழே நம் பக்கத்து மண் ஒரே ஒரு எழுத்தாக ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சின்னதாக ஒரு சிலிர்ப்பு வருகிறது.

இனி விழுந்த காசு.

அச்சு வெட்டுவது கண்ணாடிக்குள் நின்றுகொண்டு எழுதுகிற வேலை. இரும்பில் இடமாக வெட்டினால் பொன்னில் வலமாக விழும். யாரோ ஒரு பத்தர் நல்ல பவுன் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, பார்த்தது பார்த்தபடி அச்சில் செதுக்கியிருக்கிறார். அடித்துப் பார்த்தபோது ராஜா திரும்பிக்கொண்டார், குதிரையும் திரும்பிக்கொண்டது. வருடத்தை மட்டும் அவர் யோசித்து மாற்றி வெட்டியிருக்கிறார். அதிலும் கடைசி 9 கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. சுற்றெழுத்து அவருக்கு எழுத்தாகவே தெரிந்திருக்காது. முதல் நாலைந்து எழுத்துகளில் கண்ணும் கையும் பாடுபட்டிருப்பது தெரிகிறது. அதற்குப் பிறகு பொறுமை போய், புள்ளி, வளையம், புள்ளி, வளையம் என்று கோலம் போட்டுவிட்டார். இந்தியாவின் பேரரசர் என்று லத்தீனில் வரவேண்டிய இடத்தில் ஒரு கொடி ஓடுகிறது, முனையில் மொட்டு.

குதிரையைச் சொல்ல வேண்டும். பிஸ்ட்ரூச்சியின் குதிரை கிரேக்கச் சிலையிலிருந்து இறங்கி வந்தது, தசையெல்லாம் முறுக்கு. பத்தரின் குதிரை அய்யனார் கோயில் வாசலில் நிற்பது. கழுத்து வளைந்து முன்னங்கால் தூக்கியிருக்கிறது, நெஞ்சில் வரிசையாக நாலு புள்ளி. நாலும் மணிகள்! வால் தரையைத் தொடுகிறது; நீள வால், குட்டை வால் கணக்கிலெல்லாம் இது அடங்காது. கீழே கிடக்கும் நாகத்துக்கு நிஜக் காசில் வௌவால் மாதிரி இறக்கை உண்டு. பத்தர் அப்படி ஒரு மிருகத்தை எங்கே பார்த்திருப்பார்? கோயில் தூணில் பார்த்த யாளியைப் போட்டுவிட்டார். பிடரி சுருள்சுருளாக, கண் பிதுங்கி, வாயோரத்தில் ஒரு கோரைப்பல். குதிரைமேல் இருப்பவன் மதுரை வீரன்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. மீசை இருக்கிறது. அதைவிட நான் ரசித்தது, இடுப்பில் உளி நுனியால் கிழித்த இரண்டு கோடு. அது கச்சை. அம்மணமாக உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, பொம்பளைகள் கழுத்தில் தொங்கப்போகிற காசாயிற்றே என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. துணி உடுத்திவிட்டுத்தான் அடித்திருக்கிறார்.

ஓரத்துப் பல்வரிசை இன்னொரு அழகு. ஆலைக் காசில் அந்தக் கோடுகள் அடிக்கும்போதே விழுபவை, சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக நிற்கும். இதில் ஒவ்வொன்றும் அரத்தால் ராவியது. ஆரம்பத்தில் நேராக நின்ற கோடுகள் பாதிச் சுற்றில் சாயத் தொடங்குகின்றன, முக்கால் சுற்றில் நெருங்குகின்றன, முடிவில் இடம் போதாமல் இரண்டு ஒன்றாகிவிட்டன. ஒரு மனிதரின் மணிக்கட்டு களைத்ததை விரல் நகத்தால் தடவிப் பார்க்க முடிகிறது.

எதற்காக ஒருவர் இந்தப் பாடு படவேண்டும்? தங்கத்தில் தங்கக் காசு செய்து என்ன லாபம்? கள்ள நோட்டென்றால் காகிதத்துக்கும் மதிப்புக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் உண்டு. இங்கே உள்ளே போவதும் பொன், வெளியே வருவதும் பொன். நடுவில் நிற்பது செய்கூலியும் சேதாரமும் மட்டுமே. இந்த இரண்டு சொல்லும் நம் நகைக்கடைக்காரர்களின் சொத்து. உலகத்தில் காசு அடித்தவர்கள் எல்லாருடைய கணக்கும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும். 1666ஆம் வருடச் சட்டத்தின்படி லண்டன் நாணயச்சாலை தங்கத்துக்குச் செய்கூலியே வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டது. கட்டியைக் கொடுத்தால் அதே எடைக்குக் காசு கிடைக்கும். அரசன் சும்மா அடித்துக் கொடுக்கும்போது பத்தருக்கு அங்கே என்ன வேலை? ஆகவே தனியார் தங்கக் காசு இரண்டே இடத்தில்தான் முளைக்கும். அரசனின் அச்சு எட்டாத தூரத்தில் முளைக்கும்; அல்லது அரசன் அடிப்பதை நிறுத்திய காலத்தில் முளைக்கும்.

தூரத்துக்குக் கதை அமெரிக்காவில் இருக்கிறது. வட கரோலினாவில் மண்ணில் பொன் கிடைத்தது, நாணயச்சாலையோ தொலைவில் பிலடெல்பியாவில். வழியில் திருடன் உண்டு, வண்டிச் செலவு உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்து ரதர்போர்டில் குடியேறிய கிறிஸ்டோபர் பெக்ட்லர் என்ற பொற்கொல்லர் 1831இல் பொடியைக் கொண்டுவாருங்கள், காசாக்கித் தருகிறேன் என்று விளம்பரம் செய்தார். சட்டம் மாநிலங்கள் காசு அடிப்பதைத் தடுத்திருந்ததே ஒழிய தனி ஆள் அடிப்பதைத் தடுக்கவில்லை. அந்த ஓட்டையை அடைத்தது 1864இல்தான். அமெரிக்காவின் முதல் ஒரு டாலர் தங்கக் காசு பெக்ட்லருடையது, அரசாங்கத்தினுடையது 1849இல்தான் வந்தது. அந்தக் காசின் அழகே அதன் மொட்டைத்தனம். தலை இல்லை, கழுகு இல்லை. தன் பெயர், ஊர், இத்தனை கிரெயின் எடை, இத்தனை காரட். முகம் காட்ட வழியில்லாதவன் கணக்கைக் காட்டுகிறான்.

ஆஸ்திரேலியாவில் இதே யோசனை சறுக்கி விழுந்தது இன்னும் சுவாரஸ்யம். மெல்பர்னில் சுரங்கக்காரர்கள் தங்கத்தை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற லண்டன் அச்சுவெட்டி அங்கே ஒரு பட்டறையைத் திட்டமிட்டார். மன்னர் தலை போட்டால் சட்டம் பிடிக்கும். ஆகவே ஒரு கங்காருவையும், கீழே 1853 என்றும், மறுபக்கம் சுத்த ஆஸ்திரேலியத் தங்கம், இத்தனை அவுன்ஸ் என்றும் போட்டார். பெரிய இரும்பு எந்திரம் கப்பலேறி வந்து இறங்கி ஓடத் தொடங்குவதற்குள் தங்க விலை ஏறிவிட்டது, லண்டன் பவுன்களும் தாராளமாக வந்து சேர்ந்துவிட்டன. கங்காரு குதிக்காமலே நின்றுவிட்டது. அன்று போணியாகாத அந்தக் காசு இன்று ஏலத்துக்கு வந்தால் எடையை யார் பார்க்கிறார்கள்!

எங்கள் பத்தருடையது இரண்டாவது வகை. அதைச் சொல்ல முதலில் பவுனின் விலையைச் சொல்ல வேண்டும். 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் டாலரான வெள்ளியை இரண்டு ஷில்லிங் நாலு பென்னி என்று கட்டினார்கள். அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன், ஒன்றுக்கு எட்டு வெள்ளி 57 காசு சொச்சம். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரிசி, உப்பு எதுவும் வாங்காமல் ஒரு பெண் 22 நாள் ரப்பர் பால் வெட்டினால் ஒரு பவுன். (கூலிம் என்பது பூண்டு வாசம் அடிக்கும் ஒரு காட்டு மரத்தின் மலாய்ப் பெயர். ஆனால் தமிழன் காதில் அந்த ஊர்ப் பெயர் வேறு மாதிரித்தானே விழும்.)

பிறகு குதிரை நின்றது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே லண்டனில் அடிப்பது கிட்டத்தட்ட நின்றுபோனது. தென்னாப்பிரிக்காவில் மட்டும் 1932 வரை ஓடியது. ஜப்பான்காரன் காலம் வந்தது, வாழைமரம் போட்ட பத்து வெள்ளித் தாள் வந்தது, 1945இல் அது அடுப்புக்குப் போனது. தாளை அப்படிப் பார்த்துவிட்ட சனம் அதற்கப்புறம் பவுனைத் தவிர வேறு எதை நம்பும்? அப்பாயி பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவள். போருக்குப் பிறகு சீட்டு எடுத்த மாதம் ஒன்று, ஒட்டுப்பால் காசு சேர்ந்த மாதம் ஒன்று என்று மாலையைக் கட்டினாள். கேட்கிறவர்கள் பெருகி, அடிக்கிறவன் நிறுத்திவிட்ட அந்த இடைவெளியில், குதிரை போட்ட ஒரு வட்டத்துக்கு அதே எடைக் கட்டியைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. பத்தரின் சம்மட்டி விழுந்தது அந்தக் கூடுதலின்மேல்தான்.

இதே கூடுதலை மிலானில் ஒருவர் பெரிய அளவில் பிடித்தார். ஹோசே பெராஹா என்பவர் போருக்குப் பின் அங்கே பட்டறை வைத்து, பொன்னில் குறை வைக்காமல் சவரன் அடித்து விற்றார். இத்தாலியர் செதுக்கிய குதிரை இத்தாலியிலேயே குட்டி போட்டது. அவர் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட, வழக்கு வந்தது. சவரன் இன்று எந்த நாட்டிலும் கைமாறும் பணம் இல்லை, ஆகவே இதைக் கள்ள நாணயம் என்று சொல்ல முடியாது என்று சுவிஸ் நீதிமன்றம் விட்டுவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை வேறு. லண்டன் நாணயச்சாலையே 1949, 1951, 1952 ஆண்டுகளில் பழைய அச்சை எடுத்து, 1925 என்று வருடம் போட்டு ஐந்தாம் ஜார்ஜ் பவுன்களை அடித்தது. அந்த ராஜா செத்தது 1936இல்! யாருடைய காசில் பொய் கூடுதல் என்று அந்தக் காலத்தில் ஒரு பட்டிமன்றமே வைத்திருக்கலாம். 1957இல் புது ராணியின் தலையோடு முறையாக அடிக்கத் தொடங்கினார்கள். போலிகளை ஒழிப்பதும் அதற்கு ஒரு காரணம். சரக்கு வந்தது, கூடுதல் விலை தேய்ந்தது, பட்டறைகளுக்கு ஆசை விட்டது.

காதறுந்த காசை எடுத்துக்கொண்டு கூலிமுக்குப் போனேன். கடையில் கண்ணாடித் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் இன்னும் கும்பட்டியும் அடைகல்லும் வைத்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே காசைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது லண்டன் காசு இல்ல தம்பி. கைவேலை."

"பொன்னுதானே ஐயா?"

"பொன்னு இல்லாமயா இத்தன வருசம் கறுக்காம இருக்கும்?"

உரைகல்லை எடுத்தார். பம்பாய்ப் பவுனை ஒரு கீற்று, இதை அதன் பக்கத்தில் ஒரு கீற்று. இரண்டு மஞ்சளையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவர், "இது கொஞ்சம் செம்பு கூட" என்றார். மாற்றுத் தெரிந்த பொன்னில் செய்த ஊசிக்கு ஆணி என்று பெயர், அதோடு ஒட்டிப் பார்க்கத் தகுந்தது ஆணிப்பொன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று சாமி பெயரே வைத்திருந்தார்கள். சங்கப் புலவர்களில் வண்ணக்கன் என்ற அடைமொழியோடு சிலர் வருகிறார்கள். காசு நோட்டம் பார்ப்பவர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பகலில் மற்றவன் காசை உரசிப் பார்த்துவிட்டு இரவில் பாட்டு எழுதியவருக்கு ஒரு சொல்லை வீணாக்க மனம் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். பெரியவரின் சுருங்கிய கண் அந்த வரிசையில்தான் வருகிறது.

கடைக்காரப் பையனுக்கு இந்தக் கீற்றில் நம்பிக்கை இல்லை. காசை மெஷினுக்குள் வைத்து மூடினான். 902 என்று வந்தது. லண்டன் கணக்குக்கு 916 சொச்சம் வரவேண்டும். தராசில் 8.04 கிராம். நான் கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன்: சுத்தப் பொன் 7.25 கிராம். நிஜப் பவுனில் 7.32. மாற்றில் விட்டதை எடையில் கொஞ்சம் கூட்டி ஈடுகட்டிப் பார்த்திருக்கிறார் அந்தப் பத்தர். அப்படியும் 0.07 கிராம் அப்பாயிக்கு வந்து சேரவில்லை. லண்டன் பவுனே 0.05 கிராம் தேய்ந்தால் சட்டப்படி செல்லாக் காசு. அந்தக் கண்டிப்பில் பார்த்தால் இது மோசடி. மதுரை வீரனின் கச்சைக்கும் குதிரையின் நாலு மணிக்கும் அதைக் கூலியாகப் போட்டால், எனக்கு இவ்வளவு மலிவான சிற்பம் வேறெங்கும் கிடைக்காது.

வேலை முடியும்வரை கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தனியார் தங்கம் வெளிப்படையாகவே விற்கிறது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பப்ளிக் கோல்டு போன்ற நிறுவனங்களின் வில்லைகள், 4.25 கிராம் தினார்கள், பிளாஸ்டிக் உறைக்குள் வரிசை எண்ணோடு. எடை, மாற்று, எல்லாம் எழுதியிருக்கிறது. பெக்ட்லர் பார்த்தால் தன் பேரன்கள் என்பார். கிளந்தான் மாநில அரசு 2010இல் தினார் வெளியிட்டபோது அது செல்லுபடியாகும் பணம் ஆகாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. நாட்டின் சொந்தக் காசான கீஜாங் ஏமாஸ் 2001இல் வந்தது. ஒரு பக்கம் மான், மறுபக்கம் செம்பருத்தி. அந்த மான் பழைய கிளந்தான் பொற்காசுகளிலிருந்து ஓடிவந்தது. அந்தப் பழங்காசுகளில் இருப்பது மான் இல்லை, நம் பக்கத்து நந்தியின் சாயல் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எனக்கு அதில் வியப்பே இல்லை. அச்சு வெட்டுகிறவன் தனக்குத் தெரிந்த மிருகத்தைத்தானே வெட்டுவான்.

புது வில்லைகள் சுத்தமானவை, ஓரம் வெட்டுப்படாதவை. ஐந்து நிமிடம் பார்த்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பெரியவர் கும்பட்டியை ஊதினார். கடைப் பொடியை நெற்றிப்பொட்டளவு எடுத்து காதின் அடியில் வைத்தார். பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அது இந்த வேலையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள். நீலச் சுடர் குவிந்து வந்து தொட்டதும் பொடி கண்ணீர் மாதிரி ஓடிப் பரவியது. காசைத் தண்ணீரில் போட்டார், சுர்ரென்றது. எடுத்துத் துடைத்தபோதுதான் நான் அதுவரை பார்க்காத ஒன்றைக் காட்டினார். பம்பாய்க் காசில் ஐ இருக்கும் அதே இடத்தில், தரைக்கோட்டின் நடுவில், ஒரு மிகச் சின்ன வளைவு. "மு மாதிரி இருக்கு பாருங்க. பேரு போட்டிருக்காரு" என்றார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். மு மாதிரியும் இருந்தது, கீறல் மாதிரியும் இருந்தது. முத்துவா, முருகேசனா, முனியாண்டியா.

கடைக்காரப் பையன் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டே, இதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பவுன் ஒன்று தரட்டுமா, மாலை சீராக இருக்கும் என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"எந்தப் பக்கம் வெளிய தெரியணும்?" என்றார் பெரியவர், சரட்டை நுழைத்தபடி. மற்ற இருபதிலும் ராஜா வெளியே இருக்கிறார்.

"இதுக்கு மட்டும் குதிரைய வையுங்கய்யா."